ஓரத்தண்ணையும் சுவருக்குள் போன வயரும்

இத்தாலியின் பலெர்மோவில் கலியாணம் கட்டிய எந்தத் தமிழர் வீட்டு ஆல்பத்தையும் வாங்கிப் புரட்டிப் பாருங்கள். மாப்பிள்ளை மாறுவார், பெண் மாறுவாள், மணவறை மாறும், மாதா கோவில் பீடம் மாறும். ஓரத்தில் நிற்கிற ஒரு மனிதர் மட்டும் மாறவே மாட்டார். மண்ணிறக் கோட்டு, எண்ணெய் வைத்து வகிடெடுத்து வாரிய தலை, பக்கத்தில் நிற்பவரின் தோளில் உரிமையோடு ஒரு கை. பெரிய பிள்ளையானவளின் சாமத்தியச் சடங்கில் நிற்பார். மாதா கோவிலில் பிள்ளைகளின் முதல் நன்மையில் நிற்பார். செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பார். இந்த நகரத்தில் எங்கள் சனத்துக்கு நடந்த நல்லது கெட்டது எதையும் அவர் இல்லாமல் கடவுள்கூட நடத்தியதில்லை.

அவருடைய சொந்தப் பெயர் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோருக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு அவர் ஓரத்தண்ணை.

தொழில், மாடிப்படி கழுவுவது. நகரம் வேலைக்கு இறங்கி வருகிற படிகளை அது கண் விழிப்பதற்கு முன்பே கழுவித் துடைத்துவிட்டு, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுகிற மனிதர். அந்தக் கோட்டு, அவர் முன்பு பராமரித்த ஒரு முதியவருடையது. முதியவர் போன பிறகு அவர் மனைவி கொடுத்தது. கை நீளம், தோள் அகலம். ஓகஸ்ட் மாதத்தில் தார்ச்சாலை உருகி எங்கள் செருப்பைப் பிடித்திழுக்கிற வெயிலிலும் அதைக் கழற்றமாட்டார்.

படத்துக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. கமெராக்காரர் ‘உனோ, துவே’ என்று எண்ணும்வரை அவர் மண்டபத்தின் மறுகோடியில் கதிரை அடுக்கிக்கொண்டிருப்பார். ‘த்ரே’ என்னும்போது வரிசையின் ஓரத்தில் சிரித்துக்கொண்டிருப்பார். சொல்லுக்கும் ஃபிளாஷுக்கும் நடுவே ஒரு சின்னச் சந்து உண்டு. அதற்குள்ளால் நடந்து வரத் தெரிந்த ஒரே மனிதர் அவர். இதில் இன்னொரு விசித்திரம்: படத்தில் நிற்பாரே தவிர, படத்தை ஒரு நாளும் கேட்கமாட்டார். எப்படி வந்திருக்கிறது என்று எட்டியும் பார்க்கமாட்டார்.

ஒரு தேர்த்திருவிழாவில், ஊரே திரண்டு நின்று படியிலிருந்து தெரு வரை வழிந்த ஒரு படத்திலும் வந்து நின்றார். அன்றைக்கு நான் கேட்டேவிட்டேன்.

“ஏன் அண்ணை, உங்களுக்கு இந்த விசர்? கால் வைக்க இடமில்லை, அதுக்குள்ளையும் பூந்து நிக்கிறியள்?”

சீப்பை உள்பைக்குள் செருகியபடி அமைதியாகச் சொன்னார்: “ஆள் குறைவாக் கிடந்துது பிள்ளை.”

ஸ்ஃபெர்ராகவால்லோ கரையில் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு ஞாயிறு, நாங்கள் கடல் பார்க்கப் போயிருந்தோம். மீன்பிடிப் படகுகளுக்கு முன்னால் ஒரு சிசிலிக்காரக் கலியாணச் சோடியை நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காற்று மணப்பெண்ணின் முக்காட்டைத் தூக்கிக் கடலுக்குக் காட்டியது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். முக்காடு இறங்கியபோது ஓரத்தண்ணை மாப்பிள்ளையின் மாமாவுடைய தோளில் கை போட்டபடி நின்றார். பெண்வீட்டார் அவரை மாப்பிள்ளையின் வேலைத்தள நண்பர் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் தகப்பனுக்கு வேண்டியவர் என்று நினைத்தார்கள். இரண்டு பக்கமும் போட்டி போட்டுக்கொண்டு அவரைச் சாப்பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் கரையில் கட்டுச்சோற்றோடு காத்திருந்தோம். வெயில் சாயும் நேரம், சீனி பூசிய பாதாம் கொட்டை முடிச்சு ஒன்றைக் கையில் ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

“நல்ல சனம் பிள்ளை. மீன் நல்லது. மாப்பிள்ளையின்ரை தாய் என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதவ.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஆனா ஆள் குறைவு.”

இப்படி ஊரார் படத்திலெல்லாம் நின்ற மனிதருக்குத் தனியே நிற்கத் தெரியாது. பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிக்கப் படம் எடுக்க, ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்தில் உள்ள தானியங்கிப் பெட்டிக்கு ஒரு தடவை அவரைக் கூட்டிப்போனேன். திரைக்குள்ளே போனார், முக்காலியில் அமர்ந்தார், வெளிச்சம் அடித்தது. வந்த தாளில் முதல் படத்தில் பாதி முகம். இரண்டாவதில் ஒரு காது. மூன்றாவதில் கோட்டுக் கழுத்து. நாலாவதில் முக்காலி.

“அண்ணை, நடுவிலை இருங்கோ!”

“நடுவிலைதானே பிள்ளை இருந்தனான்.”

“பிறகு எங்கை போனியள்?”

“தெரியேல்லை. அது தன்ரை பாட்டிலை வருகுது.”

மறுமுறை திரைக்கு வெளியே நின்று கையை நீட்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். முகம் முழுசாக வந்தது. தோளில் என் கையும் வளையலோடு வந்தது. அது யாருடைய கை என்று கேட்டு அந்தப் படத்தைத் திருப்பிவிட்டார்கள். கடைசியில் ஒரு வயதான படப்பிடிப்புக்காரர்தான் வழி கண்டார். அண்ணையை ஸ்டூடியோப் பின்திரையின் ஓரத்தில் விட்டுவிட்டுக் கமெராவை நகர்த்தினார்.

இந்தப் பின்னணியில் எங்களிடம் ஒரு வழக்கம் முளைத்திருந்தது. வாட்ஸப்பில் போடுவதற்கு முன், ஊருக்கு அனுப்புவதற்கு முன், படத்தின் ஓரத்தை வெட்டிவிடுவது. யாரும் கோபத்தில் வெட்டவில்லை. அகப்பை நுனியால் கறிக்குள் கிடக்கிற கறிவேப்பிலையை ஒதுக்குவது போல, பழக்கத்தில் விரல் தானாகப் போய்விடும். போனில் இடமும் இல்லை, வெட்டியதும் முழுப்படத்தை அழித்தும்விடுவோம்.

என் கலியாணப் படத்தை மட்டும் நான் வெட்டவில்லை. மாப்பிள்ளை பக்கத்தில் சித்தப்பா, பெரியப்பா, மாமிமார், மருமக்கள் என்று மணவறை கொள்ளாத கூட்டம். என் பக்கத்தில் விசா கிடைக்காதவர்களின் காற்று. அந்தக் காற்றுக்குள் ஒரு மண்ணிறக் கோட்டு வந்து நின்றது. யாழ்ப்பாணத்தில் அம்மா அந்தப் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்துவிட்டு போனில் கேட்டாள்: “உன்ரை பக்கத்திலை நிக்கிறது ஆர் பிள்ளை?”

“இஞ்சத்தை அண்ணை ஒராள், அம்மா.”

“அப்பாடா. எங்கடை பக்கமும் ஆள் நிக்குது.”

அதன்பிறகு நான் எந்தப் படம் அனுப்பினாலும் அம்மா முதலில் ஓரத்தைத்தான் தேடுவாள்.

இனி வயர் கதைக்கு வருகிறேன்.

ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால், ரயில் போனால் கண்ணாடி நடுங்குகிற ஒரு தெருவில், எங்கள் தமிழ் மன்றத்துக்கு ஒரு மண்டபம் கிடைத்தது. மண்டபம் என்பது மரியாதைக்கு. ஒரு காலத்தில் தளபாடம் வைத்திருந்த நீண்ட கிடங்கு. அதன் சொந்தக்காரி, நான் வீட்டு வேலை செய்கிற எசமானி, எங்கள் வாயில் சிஞ்ஞோரா. அவருடைய காலஞ்சென்ற கணவரின் கிடங்கு அது. ஒவ்வொரு நாளும் காப்பி கொடுக்கும்போதெல்லாம் கெஞ்சிக் கெஞ்சி வாங்கினேன். பின்சுவர் ஈரத்தில் ஊறி, தோல் உரிந்து, ஏதோ கண்டத்தின் வரைபடம் போல் இருந்தது. அதை மறைக்க நாங்களே ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, இரும்புச் சட்டம் நிறுத்தினோம். அதன்மேல் ஜிப்சம் பலகை அடிக்க வேண்டும். இங்கே அதற்குக் கார்த்தோன்ஜெஸ்ஸோ என்று பெயர்.

பலகை அடிப்பதற்கு முன் சட்டத்துக்குள்ளால் ஸ்பீக்கர் வயர் ஓட்டியவர் மன்றத் தலைவர். பகேரியாவில் ஒரு பழைய மாளிகையின் காவலாளி. உலகத்தில் மின்சாரம் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து தன்னிடம் கேட்காமல் எதுவும் செய்யப்பட்டிருக்கக் கூடாது என்ற கொள்கை உடையவர். மேடையில் இரண்டு ஸ்பீக்கர் வைத்தாயிற்று. ஆனால் மண்டபம் ரயில்பெட்டி போல் நீளம். முன்வரிசைக்குக் காது கிழியும், பின்வரிசைக்கு வாயசைவு மட்டும் தெரியும். ஆகவே பின்சுவரில் கொஞ்சம் உயரத்தில் மூன்றாவது ஸ்பீக்கர். அதற்கான வயரை உள்ளே ஓட்டி, நுனியை வளையமாகச் சுற்றி ஒரு சட்டக்காலில் மாட்டிவிட்டிருந்தார்.

நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், சிசிலிக்கார மேசன் ஒருவர் வந்து பலகையை அடித்தார். வயர் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் ஒரு கலைஞர். ஒரு கீறல் இல்லாமல், ஒரு மூட்டுத் தெரியாமல், முட்டை வெள்ளைக்கரு போல் ஒரு சுவரைச் செய்து, பூசி, வர்ணமும் அடித்துவிட்டுப் போனார். சிஞ்ஞோரா வந்து பார்த்தார். சுவரைத் தடவினார். கண் கலங்கினார். இந்தச் சுவரின் அவமானத்தோடுதான் தன் கணவர் செத்தார் என்றார். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

ஸ்பீக்கர் மூடுகிற இடத்தில் என்னவும் செய்துகொள்ளுங்கள். அதற்கு வெளியே ஓர் ஊசி ஓட்டை கண்டால், இந்த மண்டபத்துச் சாவியும் உன் ஏப்ரனும் இரண்டும் என் மேசைக்கு வந்துவிட வேண்டும். திறப்பு விழாவுக்கு நானே வந்து பார்ப்பேன்.

சிஞ்ஞோரா பகிடி விடுகிற ஆள் அல்ல. என் பெர்மெஸ்ஸோ அந்த வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. மண்டபம் என்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. மொத்தத்தில், சுவருக்குள் எங்கோ தொங்குகிற ஒரு வயரில் நாங்கள் எல்லோரும் தொங்கிக்கொண்டிருந்தோம்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள், சனி மத்தியானம், தலைவர் ஸ்பீக்கரும் கையுமாகப் பின்சுவருக்கு முன்னால் நின்றார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

“அடையாளம் போட்டனீங்களோ தலைவர்?” என்றேன்.

“போடாமல்? பென்சிலாலை வடிவாக் குறுக்குக் கோடு போட்டனான்.”

“எங்கை?”

“சுவரிலை.”

“எந்தச் சுவரிலை?”

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் அணைந்தது. “பழைய சுவரிலை.”

மாதா கோவில் பாடகர் குழுவுக்குத் தலைவி, மன்னார்க்காரி பிலோமினாக்கா, கதிரை துடைத்துக்கொண்டிருந்தவ, அப்படியே கதிரையில் இருந்துவிட்டா. “மாதாவே! நிதியைப் புதைச்சுப்போட்டு அடையாளத்தையும் அதோடை சேத்தே புதைச்ச மனிசன்!”

அதன்பிறகு அந்தச் சுவர் பட்ட பாடு! முதலில் தட்டினோம். ஆளுக்கொரு இடத்தில் தட்டி, ஆளுக்கொரு சத்தம் கேட்டோம். தலைவர் எங்கிருந்தோ சுவருக்குள் வயர் கண்டுபிடிக்கிற கருவி ஒன்று கொண்டுவந்தார். உள்ளே இருப்பது எல்லாம் இரும்புச் சட்டம், வயரிலோ மின்சாரம் இல்லை. கருவி, ரயில் கடவை மாதிரி ஒவ்வோர் அடிக்கும் கத்தியது. பிலோமினாக்காவின் காப்புக்குக் கத்தியது. தலைவரின் பெல்ட்டுக்குக் கத்தியது. வயருக்கு மட்டும் கத்தவில்லை.

அந்த நேரம்தான் ஓரத்தண்ணை உள்ளே வந்தார். கதிரை அடுக்க வந்தவர். விசயத்தைக் கேட்டார், கோட்டுக் கையை மடித்தார், சுவரில் காதை வைத்தார். அவர் கையை உயர்த்தினார்.

“கேக்குது!”

“என்ன கேக்குது?”

“பக்கத்து வீட்டிலை சண்டை. புருசன் பிழை மாதிரித்தான் கிடக்கு.”

“இஞ்சாலை வாங்கோ அண்ணை!” என்று தலைவர் அலறினார்.

“பொறுங்கோ, இப்ப அவ அழுறா.”

காந்தம் யோசனை பிலோமினாக்காவுடையது. இரும்புச் சட்டத்தில் பலகையைப் பூட்டிய ஸ்குரூ எங்கே இருக்கிறதோ அங்கே காந்தம் ஒட்டும் என்றா. மண்டபத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருந்த காந்தப் பொம்மைகள் எல்லாம் சுவருக்குக் குடிவந்தன. வேளாங்கண்ணி மாதா, பிள்ளையார், நகரத்தின் காவல் புனிதை, நல்லூர் முருகன், ஒரு கனோலி இனிப்பு. அவர்கள் தரையிலிருந்து கூரை வரை வரிசை வரிசையாக ஒட்டி நின்றபோது, சுவருக்குள் சட்டக்கால்கள் எங்கே எங்கே என்று படமாகத் தெரிந்தது. சர்வமதமும் சேர்ந்து எங்களுக்குக் கால்களைக் காட்டிவிட்டது. எந்தக் காலில் வயர் என்று சொல்லச் சர்வமதத்துக்கும் தெரியவில்லை.

“பலகை அடிக்க முதல் எல்லாரும் நிண்டு படம் எடுத்தமே!” தலைவர் துள்ளி எழும்பினார். “அதிலை சட்டம் தெரியும், வயர் தெரியும். எல்லாரையும் அனுப்பச் சொல்லுங்கோ!”

உண்மைதான். அன்றைக்கு ஒரே வரிசை நின்றபடி நிற்க, எடுத்தவரின் கையில் போன்கள் மட்டும் மாறிக்கொண்டிருந்தன. வாட்ஸப் குழுவில் செய்தி போட்டேன். வேலைத்தளங்களிலிருந்தும் பஸ்ஸிலிருந்தும் படங்கள் வந்து விழத் தொடங்கின. நாங்கள் மூவரும் என் போனைச் சுற்றிக் குனிந்தோம்.

முதல் படம். இடப்பக்கம் ஜன்னல், சட்டங்களுக்கு முன்னால் வரிசையாகச் சிரிப்புகள், கறுப்பும் சிவப்புமாக வயர் எங்கள் கால்களுக்குப் பின்னால் வலப்பக்கம் ஓடிப்போய், தலைவரின் தோளோடு படம் முடிந்தது. இரண்டாவது படம். தலைவரின் தோளோடு முடிந்தது. அடுத்தது. தலைவரின் தோள். ஒன்றில் அந்தத் தோளின்மேல் நான்கு விரல்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. உடம்பில்லாத விரல்கள்.

நான் போனை மூட நினைத்தேன். முடியவில்லை. படங்கள் வந்துகொண்டே இருந்தன. வயர் போகிற இடம் எங்களுக்கு விளங்கிவிட்டது. அங்கே யார் நின்றார் என்பதும் விளங்கிவிட்டது. அவர் எங்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் படம் பார்க்கிறார்.

வெளியே ஒரு ரயில் போய், கண்ணாடி நடுங்கி அடங்கியது.

“படம் கொஞ்சம் சின்னனா வந்திருக்கு,” என்றார் ஓரத்தண்ணை.

பிறகு, எங்களைச் சமாதானப்படுத்துவது போல, தன்பாட்டில் சொன்னார்: “ஊருக்கு அனுப்புற படம்தானே எண்டு நிக்கிறனான். ஆள் குறைஞ்சால் அங்கை இருக்கிறவை யோசிப்பினம், இதுகள் அந்நிய நாட்டிலை தனிச்சுப் போச்சுதுகளோ எண்டு. ஒராள் கூட நிண்டால் என்ன குறைஞ்சுபோம்?”

தலைவர் கருவியை நிறுத்துவது போல் பாவனை செய்தார். அது ஏற்கெனவே நின்றுதான் இருந்தது.

பிலோமினாக்காதான் எழுந்தா. கைப்பைக்குள் நோண்டி, கண்ணாடி வெடித்த தன் போனை எடுத்தா. “என்னட்டைக் கிடக்கும். எனக்கு உந்த வெட்டுற வேலை ஒண்டும் தெரியாது. எடுத்தது எடுத்தபடி வைச்சிருக்கிறன்.”

திறந்தா. முழுப்படம்.

தலைவரின் தோளைத் தாண்டி, அந்தக் கை, அந்தக் கோட்டு, அந்தச் சிரிப்பு. அவர் தலைக்குப் பின்னால், ஓர் இரும்புச் சட்டக்காலில் மாட்டிய வயர் வளையம், கறுப்பும் சிவப்புமாக, அச்சொட்டாகத் தலையைச் சுற்றி, ஒரு முழு ஒளிவட்டம்.

“அந்தோனியாரே!” என்று பிலோமினாக்கா நெற்றியில் சிலுவை போட்டா.

“அண்ணை, பின்னாலை வயர் இருந்தது உங்களுக்குத் தெரியாதோ?” என்றேன்.

“படத்துக்கு நிக்கேக்கை ஆர் பிள்ளை பின்னாலை பாக்கிறது?”

இடம் கண்டாயிற்று என்று துள்ளினோம். அவரைச் சுவரோரம் நிறுத்தித் தலையைச் சுற்றிக் கோடு போட்டால் முடிந்தது. ஆனால் தலைவர் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு ஒரு சிக்கல் சொன்னார். அண்ணை நிசத்தில் தலைவரின் காதளவு உயரம்தான். படத்தில் தலைவரைவிட அரைத்தலை உயரம்.

“என்ரை பெயின்ற் வாளிக்கு மேலை ஏறி நிண்டவர்,” என்றா பிலோமினாக்கா. “மூடி வெடிச்சது எனக்கெல்லோ தெரியும்!”

மூடி வெடித்த வாளி வந்தது. அண்ணை சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டு ஏறினார். பிலோமினாக்கா போனை நீட்டிப் பிடித்து அவரைப் படத்தோடு ஒப்பிட்டா. “கொஞ்சம் வலப்பக்கம். சரி. அப்பிடியே நில்லுங்கோ. அசையாதேங்கோ.” தலைவர் பென்சிலோடு கிட்டப் போனார்.

அண்ணை அங்கே இல்லை. வாளி இருந்தது.

“அண்ணை! நிக்கச் சொன்னதெல்லோ!”

“நிண்டனான்தானே.”

மறுபடி ஏற்றினோம். மறுபடி நழுவினார். கண்ணெல்லாம் தன்மேல், கமெரா தன்மேல், சுவரில் தான் மட்டும். நெற்றி வியர்த்து, கால்கள் தாமாகப் படத்தின் ஓரத்தைத் தேடிப் போய்க்கொண்டிருந்தன. அந்த மனிதரை நடுவில் நிறுத்த எந்த அரசாங்கத்தாலும் முடியாது என்பது எனக்குத்தான் முன்பே தெரியுமே. வாளியிலிருந்து பாவமாகப் பார்த்துச் சொன்னார்: “ஆள் குறைவாக் கிடக்கு பிள்ளை.”

சரி என்று போனை எடுத்தேன். ஆட்களைக் கூப்பிட்டோம். படத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சமையல் வேலைக்காரர் ஏப்ரனோடு வந்தார். பகேரியாவிலிருந்து ரயிலேறிக் குழந்தை வண்டிலோடு ஒரு குடும்பம் வந்தது. ஏன் கூப்பிட்டார்கள் என்று கேட்டபடி வந்து, படங்களைப் பார்த்து, தாங்கள் வெட்டி அனுப்பியதைப் பார்த்து, அவரவர் இடத்தில் போய் நின்றார்கள்.

“நீ அண்டைக்கு என்ரை இந்தப் பக்கம் நிண்டனீ.”

“அண்டைக்கு நீங்கள் இவ்வளவு மொத்தமில்லை அண்ணை, அதுதான் இடிக்குது.”

“வயித்தை உள்ளை இழுங்கோ, வயர் தள்ளிப் போகுது!”

ஜன்னலிலிருந்து தொடங்கி வரிசை நீண்டது. கடைசியில் தலைவர். தலைவரின் தோளில், நீளமான கோட்டுக் கைக்குள்ளிருந்து வந்த நான்கு விரல்கள். ஓரத்தண்ணை வாளியில், ஓரத்தில், உலகம் ஒழுங்காகிவிட்ட முகத்தோடு, தூண் மாதிரி நின்றார். அவர் தலைக்கு நேர் பின்னால், சுவரில், நல்லூர் முருகன் காந்தம் ஒட்டியிருந்தது. சட்டக்கால்! படமும் காந்தமும் ஒரே இடத்தைச் சொன்னபோது மண்டபம் முழுவதும் ஒரு ‘ஆ’ எழும்பியது.

தலைவருக்குத் தோளை அசைக்க முடியாதபடியால் நானே பென்சிலை எடுத்தேன். முருகனைக் கழற்றிவிட்டு, வாரிய தலையைச் சுற்றி, ஒரு காது, உச்சி, மறுகாது என்று கோடு இழுத்தேன். அவர் மூச்சு விடவில்லை. எண்ணெய் மணம். கிட்டத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தக் கோட்டின் தையல் ஓரமெல்லாம் புதிதாகத் தைக்கப்பட்டிருந்தது. எவ்வளவு கவனமாக வைத்திருந்திருக்கிறார், எங்கள் படங்களுக்காக.

தலைவர் கத்தியால் சட்டக்காலின் ஓரத்தில் சின்னச் சதுரம் அறுத்தார். உள்ளே இரண்டு விரல் விட்டார். முகத்தில் ஒன்றும் இல்லை. என் கண்ணுக்குள் சிஞ்ஞோராவின் மேசையும், அதன்மேல் சாவியும் ஏப்ரனும். விரலை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டார். கண்ணை மூடினார். இழுத்தார்.

கறுப்பும் சிவப்புமாக வெளியே வந்தது, உறக்கம் கலைந்த சாரைப்பாம்பு மாதிரி.

அந்தச் சனிக்கிழமை அந்த மண்டபத்தில் அடித்த கைதட்டலுக்கு ஸ்பீக்கரே தேவைப்படவில்லை.

மறுநாள் சிஞ்ஞோரா முத்துமாலையோடு வந்தார். வணக்கம் சொல்ல வந்த தலைவரைத் தாண்டி நேரே பின்சுவருக்குப் போனார். கண்ணாடியை மாட்டினார். தரையிலிருந்து தொடங்கினார். ஒரு சுவரை அப்படி வாசித்த மனிதரை நான் கண்டதில்லை. அறுத்த சதுரத்தை ஸ்பீக்கர் முழுதாக மூடியிருந்தது. நான் ஏப்ரன் நாடாவை மனதுக்குள் அவிழ்த்துக்கொண்டு பின்னால் நடந்தேன். ஸ்பீக்கருக்குக் கிட்டே போனவர் நின்றார். விரலை நீட்டினார்.

இது என்ன?

ஸ்பீக்கரின் வலப்பக்கம், வெள்ளைச் சுவரில், பென்சிலால் வரைந்த ஒரு காது. கோட்டை அழித்தபோது நான் தவறவிட்டது. மேல் வளைவு, கீழ்ச் சோணை, எல்லாம் அச்சாக ஓரத்தண்ணையின் காது.

கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. என் இத்தாலியனில் பாதியும் கையால் பாதியும் சொன்னேன். வாளி, வளையம், முருகன், நழுவிய கால்கள். சிஞ்ஞோரா சிரிக்கவில்லை. மண்டபத்தைச் சுற்றிப் பார்த்து, அந்த மனிதர் எங்கே என்று கேட்டார். காட்டினேன். மறுகோடியில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார். சிஞ்ஞோரா அவரை நெடுநேரம் பார்த்தார். அழிக்கப் போன என் கையைப் பிடித்தார்.

விடு. இது ஓட்டை இல்லையே.

விழா நடந்தது. பின்வரிசைக் கிழவர்கள் தேவாரத்தின் ஒவ்வொரு சொல்லையும் கேட்டார்கள், மாதா பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் கேட்டார்கள், தலைவரின் உரையில் பாதியிலேயே எழுந்து பஸ்ஸுக்குப் போனார்கள். முடிவில் படம். அவரை நடுவில் நிறுத்தினோம். ‘த்ரே’ என்பதற்குள் ஓரத்துக்குப் போய்விட்டார். பிலோமினாக்கா அவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றா. அவர் அவவைத் தாண்டிப் போனார். நான் அவரைத் தாண்டினேன். இப்படி வரிசை முழுவதும் இடமிருந்து வலமாகப் பெயர்ந்து பெயர்ந்து, கடைசியில் சுவர் வந்து அவரைத் தடுத்தது. எடுக்கிறவர் கதிரைகளில் இடித்துக்கொண்டு கமெராவோடு ஓடினார். அந்தப் படத்தை யாரும் வெட்டவில்லை.

இப்போது ஓரத்தண்ணை பொலோஞ்ஞாவில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார். அங்கேயும் படி கழுவுகிறாராம். அந்த நகரத்தின் ஆல்பங்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மண்டபம் எங்களிடம் இருக்கிறது. ஏப்ரன் என் இடுப்பில் இருக்கிறது. சுவரில் காது இருக்கிறது. இரண்டாவது தடவை வர்ணம் அடித்தபோதும் அதைச் சுற்றித்தான் அடித்தோம்.

போன தைப்பொங்கலுக்கு எல்லோரும் கூடினோம். கதிரைகளை ஒதுக்கி, குழந்தைகளைத் தூக்கி, வாசல்வரை வழிய வழிய நின்று ஒரு படம் எடுத்தோம். அம்மாவுக்கு அனுப்பினேன். வழக்கம் போல் போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, வலது ஓரம் பார்த்து, இடது ஓரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“எல்லாரும் சுகமோ பிள்ளை?”

“ஓம் அம்மா. ஏன்?”

“ஒண்டுமில்லை. ஆள் குறைவாக் கிடக்கு.”